கால்பந்தாட்ட ரசிகர்கள் எங்கே போனார்கள்?

நம் நாட்டின் தேசியக் கால்பந்தாட்ட லீகைப் பார்க்க ஆளில்லை என்று பெரிய பத்திரிகைகள் எழுதுகின்றன. ஜனங்களுக்குச் சிரத்தை குறைந்துவிட்டதாம். டெலிவிஷனில் ஐரோப்பிய ஆட்டங்களைப் பார்த்துப் பழகிய வாலிபர்களுக்கு உள்நாட்டு ஆட்டம் ருசிக்கவில்லையாம். மிச்சமிருந்ததைக் கிரிக்கெட் விழுங்கிவிட்டதாம். ஆகக்கூடி, குற்றவாளிக் கூண்டில் ரசிகனை ஏற்றி நிறுத்தியாகிவிட்டது, தீர்ப்பும் எழுதியாகிவிட்டது.

பீளமேட்டிலிருந்து பார்க்கும் நாம் இந்தத் தீர்ப்பை ஒப்புக்கொள்ள முடியாது. ரசிகர்கள் எப்படித் திரண்டார்கள், பிறகு எப்படி இல்லாமல் போனார்கள் என்பதைக் கோவை தன் கண்ணாலேயே கண்டிருக்கிறது.

2017-18 பருவத்தில் சென்னை சிட்டி என்ற கோஷ்டி நமது நேரு விளையாட்டரங்கத்தைத் தன் சொந்த மைதானமாகக் கொண்டது. பெயரில் சென்னை இருந்தாலும் கோவை மக்கள் அதைத் தங்கள் கோஷ்டியாகவே வரித்துக்கொண்டார்கள். குமரிக் கடற்கரையின் இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் போன்ற தமிழ் வாலிபர்கள் அதில் ஆடினார்கள். அடுத்த பருவத்தில் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியளித்தார். ஸ்பெயினிலிருந்து வந்த பெத்ரோ மான்சி 21 கோல் அடித்தார். 2019 மார்ச் 9ந் தேதி கடைசி ஆட்டம். பஞ்சாபின் மினர்வா கோஷ்டி ஆரம்பத்திலேயே ஒரு கோல் போட்டுவிட்டது. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்து, இங்கே நம் கோஷ்டி தோற்றிருந்தால் பட்டம் கல்கத்தாவுக்குப் போயிருக்கும். ஈஸ்ட் பெங்கால் ஜெயிக்கத்தான் செய்தது. ஆனால் இங்கே இரண்டாம் பாதியில் மூன்று கோல்கள்! ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில், 43க்கு 42 என்று, தேசிய ஐ-லீக் பட்டம் கோவைக்கு வந்தது. அன்று நேரு மைதானத்தில் ஆயிரக்கணக்கில் கூடிய ஜனங்களுக்குச் சிரத்தை இல்லை என்று எந்தப் பத்திரிகையாவது எழுதியதா?

பிறகு நடந்தது என்ன? கோவை ஜெயித்த அடுத்த பருவமே, 2019-20ல், ஐ-லீக் இரண்டாந்தரமாக்கப்பட்டது. முதல் லீக் என்ற அந்தஸ்து இந்தியன் சூப்பர் லீகுக்குப் போயிற்று. ஆட்டத்தில் தோற்று இறங்கினால் சகிக்கலாம். சாம்பியனாக இருக்கும்போதே, மைதானத்துக்கு வெளியே போடப்பட்ட ஒரு கையெழுத்தால் கீழே இறக்கப்பட்டால் ரசிகன் என்ன நினைப்பான்? 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன் போட்டியின் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃபா கோஷ்டியுடன் நம் கோஷ்டி மோதியது. அந்த ஆட்டமும் கோவையில் நடக்கவில்லை, அகமதாபாத்தில் நடந்தது. 2020-21 பருவம் கொள்ளைநோய் காரணமாக முழுவதும் வங்காளத்தில், ரசிகர் இல்லாத மைதானங்களில் நடந்தது. 2021-22ல் பட்டியலைப் பார்த்தால் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. பட்டம் வென்ற மூன்றே ஆண்டில் கோஷ்டி காணாமற் போயிற்று! கிளப்பின் கணக்கு வழக்கை நாம் இங்கே ஆராயப் போவதில்லை. 2019ல் ஸ்விட்சர்லாந்தின் பாஸல் கிளப் 26 சதவிகிதப் பங்கு வாங்கியபோது பாண்டு வாத்தியம் முழங்காத குறையாக எழுதியவர்கள், கோஷ்டி மறைந்தபோது ரசிகனைக் கேட்டார்களா என்பதுதான் நம் கேள்வி. கேட்கவில்லை. ரசிகனுக்கு அங்கே பங்குமில்லை, ஓட்டுமில்லை; நுழைவுச் சீட்டு மட்டும்தான்.

இது கோவைக்கு மட்டும் நேர்ந்த துரதிர்ஷ்டம் அல்ல. 1996-97ல் நடந்த முதலாவது தேசிய லீகை வென்றது பக்வாராவைச் சேர்ந்த ஜே.சி.டி. கோஷ்டி. அது ஒரு பஞ்சாலையின் கோஷ்டி. மில் ஊரான பீளமேட்டுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2011ல் அந்த மில் நிர்வாகம் கோஷ்டியைக் கலைத்தது. சொன்ன காரணம், லீகால் போதிய விளம்பரம் கிடைக்கவில்லை என்பது! அதற்கு முந்திய ஆண்டு பம்பாயில் மஹிந்திரா யுனைடெட் மூடப்பட்டது. 2016ல் கோவாவின் சல்காவ்கர், ஸ்போர்ட்டிங், டெம்போ ஆகிய மூன்று பழைய கிளப்புகளும் சம்மேளனத்தின் திட்டத்தை எதிர்த்து ஐ-லீகிலிருந்து வெளியேறின. டெம்போ ஐந்து முறை தேசிய சாம்பியன். நஷ்டக் கணக்கு காட்டி மில்லைப் பூட்டுகிறவர்கள் கோஷ்டியைப் பூட்டத் தயங்குவார்களா?

இத்தனைக்கும் மூலத்தைத் தேடினால் 2010 டிசம்பருக்குப் போக வேண்டும். அகில இந்திய கால்பந்து சம்மேளனம் 15 வருஷங்களுக்கு, 700 கோடி ரூபாய்க்கு, நாட்டின் கால்பந்தாட்ட வர்த்தக உரிமைகளை ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸ் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டது. அந்தக் குத்தகையில் பிறந்ததுதான் 2014ல் தொடங்கிய சூப்பர் லீக். முதலில் 8 கோஷ்டிகள். சினிமா நட்சத்திரங்கள், கிரிக்கெட் வீரர்கள், வாணவேடிக்கை! முதல் பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 24,000 பேருக்கு மேல் வந்தார்கள். இதை மறைக்கத் தேவையில்லை. நல்ல ஆட்டம் என்றால் ஜனங்கள் வருவார்கள் என்பதற்கு அதுவும் சாட்சியே. ஆனால் ஐந்தாவது பருவத்துக்குள் அந்தச் சராசரி ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. ஆட்டம் வைக்கும் நாளும் நேரமும் டெலிவிஷன் சௌகரியப்படி. கடைசி இடத்துக்கு வந்தாலும் கீழே இறங்கும் பயம் அப்போது இருக்கவில்லை. ஒரு கோஷ்டி புனேயில் கலைந்து ஹைதராபாத்தில் முளைத்தது; இன்னொன்று டில்லியிலிருந்து புவனேசுவரத்துக்குக் குடிபெயர்ந்தது. நேற்றுவரை கொடி பிடித்தவன் இன்று யாருக்குக் கொடி பிடிப்பான்?

குத்தகை 2025 டிசம்பரில் முடிய இருந்தது. புதிய ஒப்பந்தம் ஆகாததால், அந்த ஆண்டு ஜூலையிலேயே பருவத்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள். ஆகஸ்டில் பெங்களூர் கிளப் ஆட்டக்காரர்கள், சிப்பந்திகளின் சம்பளத்தை நிறுத்தியது. சென்னையின் கோஷ்டியும் தன் வேலைகளை நிறுத்தி வைத்தது. இது பெயர் மட்டும் வேறான கதவடைப்பே! பெரிய ஆட்டக்காரர் சமாளித்துக்கொள்வார். புல் வெட்டுகிறவர், பஸ் ஓட்டுகிறவர், ஜெர்சி துவைக்கிறவர், காயத்துக்குக் கட்டுப்போடும் உதவியாளர் — இவர்கள் வீட்டு அடுப்பு எப்படி எரிந்தது என்று எந்த விளையாட்டுப் பக்கமும் எழுதவில்லை. அடுத்த குத்தகைக்கு டெண்டர் விட்டார்கள். நவம்பரில் ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை. டிசம்பர் கடைசியில் பம்பாய் கோஷ்டியின் அந்நிய முதலாளியான சிட்டி குரூப் மூட்டை கட்டியது. விவகாரம் சுப்ரீம் கோர்ட்டு வரை போய், 2026 ஜனவரியில் மத்திய மந்திரி தலையிட்டு, பிப்ரவரி 14ல் ஆட்டம் என்று நாள் குறிக்க வேண்டியதாயிற்று. ஏழு மாதம் கடையைப் பூட்டிவிட்டு, வாடிக்கைக்காரன் வரவில்லை என்று ஒப்பாரி வைப்பதில் அர்த்தம் உண்டா?

இந்தியர்களுக்குக் கால்பந்து ரத்தத்தில் இல்லை என்று சொல்லும் மேதாவிகளும் உண்டு. 1911ல் வெறுங்காலோடு ஆடி வெள்ளைக்காரப் பட்டாளக் கோஷ்டியை வீழ்த்திய மோகன் பகானை அவர்கள் மறந்திருக்கலாம். 1962ல் ஜகார்த்தாவில் ஆசியத் தங்கம் வென்றதையும் மறந்திருக்கலாம். 1997 ஜூலையில் கல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் ஈஸ்ட் பெங்கால் - மோகன் பகான் அரையிறுதி ஆட்டத்தைப் பார்க்க 1,31,000 பேருக்கு மேல் கூடினார்களே, அவர்கள் எந்த நாட்டு ஜனங்கள்?

ஐரோப்பியக் கிளப்புகளின் சட்டை அணிந்து திரியும் பையன்களைக் கேலி செய்வோருடன் நாம் சேரமாட்டோம். அவன் சட்டை அணிவதற்கு உள்ளூரில் ஒரு கிளப் இருந்தது. அதை அவனிடமிருந்து பறித்தார்கள். அந்த ஐரோப்பாவிலும் பணமூட்டைகளின் ஆட்சிதான் என்றாலும், ரசிகர்கள் அங்கே வாய்மூடி இருப்பதில்லை. ஜெர்மனியில் ஒருசில கிளப்புகள் நீங்கலாக, ஓட்டுரிமையில் பாதிக்கு மேல் அங்கத்தினர்களிடமே இருக்க வேண்டும் என்பது விதி. 2023 டிசம்பரில் லீகின் வருமானத்தில் ஒரு பகுதியை முதலீட்டுக் கம்பெனிக்கு விற்க நிர்வாகிகள் முடிவு செய்தார்கள். ரசிகர்கள் வாரந்தோறும் டென்னிஸ் பந்துகளை மைதானத்தில் வீசி ஆட்டத்தை நிறுத்தினார்கள். 2024 பிப்ரவரியில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. நம் அண்டையில் கொச்சி ரசிகர் சங்கமும் 2024 முடிவில், நிர்வாகத்தைக் கண்டித்து டிக்கட் வாங்கமாட்டோம் என்று அறிவித்தது. காலி ஆசனத்தைச் சிரத்தைக் குறைவு என்று கணக்கெழுதுபவர்கள் இதை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

முதலாளிகள் பணம் போடாவிட்டால் லீக் ஏது என்று நியாயமாகவே சிலர் கேட்கிறார்கள். பணம் தேவைதான். பயணம், சம்பளம், பயிற்சி எல்லாமே செலவு. ஆனால் பணம் போட்டவனுக்கு லாபம் வரும்வரை மட்டுமே கோஷ்டி என்றால், பட்டம் வாங்கினாலும் அதன் ஆயுள் மூன்று வருஷம் என்பதைக் கோவை பார்த்துவிட்டது. நேரு மைதானம் பொதுச் சொத்து. அதைச் சொந்த மைதானமாகக் கேட்கும் எந்தக் கிளப்புக்கும் சர்க்கார் நிபந்தனை விதிக்கலாம்: உள்ளூர் அங்கத்தினர்களுக்கு நிர்வாகத்தில் இடம் வேண்டும், அவர்கள் சம்மதமின்றிக் கிளப்பை மூடவோ வெளியூருக்கு மாற்றவோ கூடாது, சிப்பந்திகளின் ஆறுமாதச் சம்பளம் முன்கூட்டியே வைப்புத்தொகையாகக் கட்டப்பட வேண்டும், ஆட்டம் ஷிப்டு விட்டு வரும் தொழிலாளி பார்க்கக்கூடிய நேரத்தில் நடக்க வேண்டும்.

பீளமேட்டு விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. மூடிய மில் நிலங்களில் வணிக வளாகமும் அடுக்குமாடியும் எழுந்துவிட்டன. மிஞ்சிய நல்ல மைதானங்கள் கல்லூரி மதில்களுக்குள் இருக்கின்றன. கேட்டில் காவலாளி நிற்கிறார். பவுண்டரியிலும் பம்புசெட், கிரைண்டர் பட்டறைகளிலும் வேலை செய்யும் நம் பையன்களும், மணிப்பூரிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்து அவர்கள் பக்கத்திலேயே நின்று உழைக்கும் வாலிபர்களும் பந்து உதைக்க எங்கே போவார்கள்? ஒண்டிப்புதூரில் சர்வதேசக் கிரிக்கெட் மைதானம் கட்டப்போவதாக மாநில சர்க்கார் 2024ல் அறிவித்தது. கட்டட்டும், நாம் தடுக்கவில்லை. பீளமேட்டுத் தொழிலாளி ஞாயிற்றுக்கிழமை காலையில் அனுமதிச் சீட்டு இல்லாமல் இறங்கி ஆடக்கூடிய ஒரு கால்பந்து மைதானத்துக்கு எந்த இடத்தை ஒதுக்கப்போகிறது என்பதை மாநகராட்சி சொல்லட்டும்.