கிரீடம் கனக்கக் கூடாது... கவசம் குத்தக் கூடாது!

மாறுவேடப் போட்டியில் குழந்தை மேடையில் நிற்பது என்னவோ இரண்டே நிமிடம்தான். ஆனால், அதற்காக வேஷம் கட்டிக்கொண்டு வரிசையில் காத்திருப்பது இரண்டு மணி நேரம்! அட்டைக் கிரீடம் வியர்வையில் நனைந்து தொய்ந்துவிடும். தகர விளிம்பு கழுத்தில் அறுக்கும். பெயர் கூப்பிடும்போது வேலு நாச்சியார் அழுதுகொண்டிருப்பார்.

இதற்கு நல்ல மாற்று, ஃபோம் ஷீட். ஸ்டேஷனரி கடைகளில் கிடைக்கும் ஈவா ஃபோம்தான் அது. ரப்பர் செருப்பின் அடிப்பாகம் பலவும் இதே வகைப் பொருள்தான். எடை குறைவு, வளைத்தால் உடையாது, விழுந்தாலும் அடிபடாது. ஆனால், வெறுமனே பெயின்ட் அடித்தால் வளையும் இடங்களில் விரிசல் விடும். துணி போர்த்தினால் அந்தக் கவலை இல்லை. ஒட்டுப்போட்ட இடங்கள் மறையும். பழைய பட்டுப்புடவையின் ஜரிகை பார்டர் இருந்தால், ராஜகளையும் வந்துவிடும்.

முதலில் வளைவு, பிறகு துணி

கிரீடத்துக்கும் தோள்கவசத்துக்கும் 5 மி.மீ. ஃபோம் போதும். தலையின் சுற்றளவை அப்படியே வெட்டினால் கிரீடம் இறுக்கும். ஃபோமின் தடிமனும் உள்பக்கத் துணியும் இடத்தை எடுத்துக்கொள்ளும் என்பதால், 2 முதல் 3 செ.மீ. கூடுதலாக வைத்து வெட்ட வேண்டும்.

பலர் சறுக்குவது அடுத்த கட்டத்தில்தான். தட்டையாக இருக்கும்போதே துணியை ஒட்டிவிட்டுப் பிறகு வளைத்தால், உள்பக்கம் சுருக்கம் விழும். வெளிப்பக்கம் துணி இழுபட்டுப் பிய்யும். எனவே, ஃபோமைச் சூடுகாட்டி வளைத்து, ஆறும்வரை கையில் பிடித்து, வடிவம் நின்ற பிறகே துணியைத் தொட வேண்டும். துணியை முன்னதாகவே இஸ்திரி போட்டுவிடுங்கள். ஒட்டிய பிறகு இஸ்திரி வைத்தால் ஃபோம் உருகி, அத்தனை வேலையும் வீணாகிவிடும்.

எந்தத் துணி?

இழுபடும் வெல்வெட், லைக்ரா போன்றவை வளைவுகளில் சுலபமாகப் படியும். பட்டு, சாட்டின் போன்றவை இழுபடாது. இவற்றை ரவிக்கைக்கு வெட்டுவதுபோல ‘கிராஸ்’ஆக வெட்டினால் ஓரளவு வளைந்துகொடுக்கும். சுற்றிலும் 2 செ.மீ. துணி கூடுதலாக இருக்கட்டும். பின்பக்கம் மடித்து ஒட்ட அது தேவை.

ஒட்டும் பக்குவம்

செருப்பு, ரெக்ஸின் ஒட்டும் ரப்பர் பசைதான் இதற்கு ஏற்றது. ஃபோமிலும் துணியின் ஓரத்திலும் மெல்லிசாகத் தடவி, கையில் ஒட்டாத பக்குவம் வரும்வரை காத்திருந்து, பிறகு அழுத்த வேண்டும். மெல்லிய துணியில் பசை கசிந்து முன்பக்கம் கறை தெரியும். அதனால் முன்பக்கத்தில் பசையே வேண்டாம். துணியை இழுத்துப் போர்த்தி, பின்பக்க ஓரத்தில் மட்டும் ஒட்டினால் போதும். குழிவான இடங்களில் மட்டும் கொஞ்சம் பசை தேவை. இல்லையென்றால், துணி குழியில் படியாமல் கூடாரம்போல நிற்கும்.

வெளிப்பக்கம் வளைந்த விளிம்பில், மடிக்கும் துணியில் ‘V’ வடிவில் சிறு துண்டுகளை வெட்டி எடுத்துவிட வேண்டும். உள்பக்கம் வளைந்த விளிம்பில் நேராகக் கத்தரித்தால் போதும். இரண்டிலுமே விளிம்புக்கு 3 மி.மீ. முன்பாகக் கத்தரியை நிறுத்திவிட வேண்டும்.

மார்புக்கவசத்தில் கோடுகளும் கட்டங்களும் வேண்டுமா? ஃபோமின் பாதி ஆழத்துக்குக் கத்தியால் கீறி, துணியின் ஓரத்தை மொக்கையான கத்தியால் அந்தக் கீறலுக்குள் செருகிவிடலாம். தைக்காமலே தைத்ததுபோலத் தெரியும். ஜப்பானின் கியோட்டோவில் 18-ம் நூற்றாண்டில் பிறந்த ‘கிமேகோமி’ பொம்மைகளுக்கு, மரத்தில் பள்ளம் வெட்டி இப்படித்தான் துணி உடுத்துகிறார்கள்.

இதையெல்லாம் மறக்காதீர்கள்

* ரப்பர் பசையின் நெடி தலைசுற்ற வைக்கும். சுலபமாகத் தீயும் பிடிக்கும். ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்படியிலிருந்து தள்ளி உட்கார்ந்து, பெரியவர்களே ஒட்ட வேண்டும். முதல் நாள் இரவில் ஒட்டிக் காலையில் போட்டுவிடாமல், இரண்டு, மூன்று நாள் முன்பே முடித்துக் காற்றாட வைத்தால் நெடி போய்விடும்.

* தெர்மகோலில் இந்தப் பசையைத் தடவாதீர்கள். கண்ணெதிரே கரைந்து குழி விழும்.

* ஃபோம் வழியாகக் காற்றும் போகாது, வியர்வையும் போகாது. உடம்பில் படும் பக்கத்தில் பழைய பருத்தித் துணியை ஒட்டுங்கள். கவசத்தின் பக்கவாட்டைத் திறந்துவிட்டு, நாடாவோ வெல்க்ரோவோ வையுங்கள்.

* வேஷத்தை ஒரே நிமிடத்தில் கழற்ற முடிய வேண்டும். “பாத்ரூம் வருதும்மா” என்று குழந்தை சொல்லும் நேரம், பெரும்பாலும் மேடை ஏறுவதற்குச் சற்று முன்புதான்!

* ஃபோம், சாட்டின், லைக்ரா... எல்லாமே தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். விழாவில் குத்துவிளக்கு எரியும் இடத்திலிருந்து வேஷம் போட்ட குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

விழாவுக்கு முந்தைய நாள், முழு வேஷத்தோடு குழந்தையை வீட்டில் அரை மணி நேரம் விளையாட விடுங்கள். உட்கார, குனிய, தண்ணீர் குடிக்க, கையைத் தூக்கி வாளைச் சுழற்ற... எங்கே இடிக்கிறது, எங்கே அரிக்கிறது என்று அதுவே சொல்லிவிடும். அந்த இடத்தைக் கத்தரித்துச் சரிசெய்ய ஓர் இரவு இருக்கிறது. பரிசு கிடைப்பது நடுவர் கையில். சிரித்த முகத்தோடு குழந்தை மேடை ஏறுவது நம் கையில்!