பழைய காந்தங்களும் புதிய பக்தர்களும்

நாஞ்சில் நாட்டில் மின்கிதார் அதிகம் ஒலிப்பது இரண்டு இடங்களில்: தேவாலயப் பாடகர் குழுவிலும், கோயில் கொடைக்கு வரும் மெல்லிசைக் குழுவிலும். அண்மைக் காலமாக இவ்விரு கூட்டத்தாரிடையேயும் ஒரு ரசனைப் பேச்சு பரவி வருகிறது. 1950களின் பாணியில் செய்யப்படும் ஹம்பக்கர் பிக்கப்புகளில் எது 'அசலுக்கு' நெருக்கமானது என்பதே அது. ஒன்று தேன் என்கிறார்கள், மற்றொன்று கருப்பட்டிப் பாகு. ஒரு ஜோடி இறக்குமதிப் பிக்கப்பின் விலைக்கு இங்கே புதுக் கிதார் ஒன்றையே வாங்கிவிடலாம். விலையைவிட நம்மை உறுத்துவது வேறு. நன்றாக வாசிக்கிற பையன்கள் தம் கருவியை மட்டமென்று நம்பத் தொடங்கிவிட்டார்கள். இந்த ரசனைக்கு எதிராகச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும்.

முதலில் அசலின் கதை. கிப்சன் நிறுவனத்தின் கலமசூ தொழிற்சாலையில் சேத் லவர் என்ற பொறியாளர் 1955இல் இதற்குக் காப்புரிமை கோரினார். 1959இல் அது கிடைத்தது. அவருடைய நோக்கம் தேனுமல்ல, பாகுமல்ல. ஒற்றைச் சுருள் பிக்கப் மின்சார இரைச்சலையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். இரண்டு சுருள்களை எதிரெதிர்த் திசையில் இணைத்து, காந்த முனைகளையும் மாற்றி வைத்தால், தந்தியின் ஒலி கூடும், இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அவ்வளவுதான் கண்டுபிடிப்பு. அடியில் ஒட்டிய 'காப்புரிமை கோரப்பட்டுள்ளது' என்ற சீட்டின் முதலெழுத்துகளே இன்று பி.ஏ.எஃப். என்று மந்திரமாகிவிட்டன. பின்னால் அந்தச் சீட்டில் எண் அச்சிட்டபோது, அது இந்தப் பிக்கப்பின் எண்ணாகக்கூட இல்லை. லெஸ் பாலின் தந்திதாங்கி ஒன்றுக்குரிய எண். பக்தர்கள் இதையும் சிலிர்ப்போடு சொல்வார்கள்.

அந்நாளில் கம்பி சுற்றியவர்கள் ஒவ்வொரு சுருளிலும் ஏறத்தாழ 5000 சுற்றுகள் சுற்றினார்கள். ஏறத்தாழ என்பதை அழுத்திச் சொல்கிறோம். ஒன்றில் கூடும், ஒன்றில் குறையும். அல்னிகோ காந்தத்திலும் 2, 3, 4, 5 என்று கையில் கிடைத்த வகையைப் போட்டார்கள். ஆகவே ஒரு பி.ஏ.எஃப். போல இன்னொன்று இல்லை. எதை அசலென்று கொள்வது? சுற்றுகள் சமமில்லாதபோது இரைச்சல் முழுதாக அழியாது. லவரின் நோக்கத்தின்படி அது குறை. அந்தக் குறையைத்தான் கிப்சன் இப்போது பர்ஸ்ட்பக்கர் என்ற பெயரில் வேண்டுமென்றே செய்து விற்கிறது. ஏடெழுதியவன் தூக்கத்தில் விட்ட எழுத்தைப் பாடபேதமாக்கி அதற்கு உரையும் எழுதுகிற நம் இலக்கிய அன்பர்களுக்கு இந்த மனநிலை அந்நியமாக இராது.

மெழுகின் கதையும் அப்படியே. அந்நாளைய சுருள்களை மெழுகில் முக்கவில்லை. சேமூர் டங்கன் விற்கும் 'சேத் லவர்' மாதிரியும் மெழுகில்லாமலே வருகிறது. மெழுகு இல்லாத சுருள் உரத்த ஒலியில் தானே அதிர்ந்து கீச்சிடும். சிறிய மேடை, முகத்துக்கு நேரே ஸ்பீக்கர், பக்கத்தில் டிரம்ஸ் என்றிருக்கும் நம் ஆலயங்களுக்கு இது எவ்வகையில் உகந்தது? அதே அல்னிகோ 2 காந்தத்தோடு, சமச் சுற்றுகளும் மெழுகுமாக வரும் கிப்சனின் '57 கிளாசிக் இங்கே எவ்வளவோ மேல். அசலிலிருந்து விலகிவிட்டது என்பதுதான் அதன்மேல் சொல்லப்படும் குற்றம்.

எண்களைக் கொண்டு வாதிடுவோரும் உண்டு. 7.8 கிலோ ஓம் இனிமை, 8.2 முரடு என்பார்கள். செம்பின் மின்தடை ஒவ்வொரு செல்சியஸ் பாகைக்கும் சுமார் 0.39 விழுக்காடு ஏறும். 20 பாகையில் 7.8 காட்டிய அதே சுருள் நாகர்கோவிலின் 32 பாகை வெயிலில் 8.2 காட்டும். சித்திரையில் முரடு, மார்கழி அதிகாலையில் இனிமை போலும்! கம்பியின் நீளத்தையும் பார்க்கலாம். 4 ஹென்றித் தூண்டலும் தனக்கென 100 பிக்கோஃபாரட் மின்தேக்கமும் உள்ள பிக்கப்பில், மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் என்ற கணக்கில் 3 மீட்டர் கம்பியைச் செருகினால் ஒலியின் உச்சம் 4000 ஹெர்ட்ஸ் அருகே நிற்கும். கம்பி 6 மீட்டரானால் 3000க்கு இறங்கிவிடும். இறக்குமதி ஜோடிகளை ஒப்பிட்டுப் பக்கம் பக்கமாக எழுதுவோர் எந்தக் கம்பியில் கேட்டோம் என்று ஒரு வரி எழுதுவதில்லை.

வேறுபாடே இல்லை என்று நாம் சொல்லவில்லை. அல்னிகோ 5 உள்ள டங்கன் '59இன் கீழ்ச்சுரங்கள் இறுக்கமானவை. அல்னிகோ 2 மென்மையானது. தனியறையில் காதுள்ள எவருக்கும் இது கேட்கும். நாற்பது குரல்களும் கீபோர்டும் சேரும் ஞாயிறு ஆராதனையில் கேட்காது. பிக்கப்பின் பக்கத் திருகைத் திருப்பித் தந்தியிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் இறக்கிப் பாருங்கள், அந்த மாற்றம் கேட்கும். அதற்குக் காசும் இல்லை. இவர்கள் கனவு காணும் ஒலியோ, 1966இல் எரிக் கிளாப்டன் ஜான் மேயால் குழுவோடு செய்த பதிவிலிருந்து தொடங்குகிறது. அங்கே ஒலிப்பதில் பெரும்பங்கு, உச்சத்தில் வைத்து அலறவிட்ட மார்ஷல் வால்வுப் பெருக்கி.

மாண்டலின் ஸ்ரீநிவாஸ், இரட்டைத் தந்திகள் நான்கு கொண்ட மரபான கருவியை விட்டு, ஐந்து ஒற்றைத் தந்திகளுடைய மின்மாண்டலினைக் கையிலெடுத்தார். கர்நாடக சங்கீதத்தின் நீண்ட கார்வையும் கமகமும் அதில்தான் கைகூடின. ராகம் கேட்டதால் கருவி மாறியது. 2014இல் அவர் மறையும்வரை, அவருடைய பிக்கப் எந்த ஆண்டின் நகல் என்று கேட்ட ரசிகரை நாம் கண்டதில்லை.

ஹம்பக்கரின் உண்மையான அருமை கொடை மேடையில்தான் தெரியும். சீரியல் விளக்குகள், சோக் கட்டிய டியூப் லைட்டுகள், எர்த் இல்லாத தற்காலிக இணைப்பு. இத்தனைக்கும் நடுவே 50 ஹெர்ட்ஸ் உறுமலை அடக்குவதற்கு நன்றாகச் சமன்செய்த, மெழுகிட்ட சுருள் வேண்டும். அதைச் செய்ய கலமசூ போகவேண்டியதில்லை. மோட்டார் காயில் கட்டும் கடைகள் நாகர்கோவிலில் உள்ளன. ஹம்பக்கருக்கான 42 கேஜ் கம்பி மயிரிழையினும் மெல்லியது, எனவே வேறு எந்திரமும் இளகிய கையும் தேவைப்படும். ஆனால் எண்ணிச் சுற்றுவதும் அறுந்தால் பற்றவைப்பதும் அங்குள்ளோர் அறிந்த வேலை. நம் குழுக்கள் அவர்களிடம் கேட்க வேண்டியது இரண்டே: இரு சுருளிலும் சுற்று எண்ணிக்கை சமமாக இருக்கட்டும், மெழுகில் நன்றாக ஊறட்டும்.