எவருக்கான பாதுகாப்பு?

1947 நவம்பர் 11ஆம் திகதி பிரித்தானியாவுடன் கைச்சாத்திடப்பட்ட பாதுகாப்பு உடன்படிக்கையை ஆராய்வோர், திருகோணமலைத் துறைமுகத்தோடும் கட்டுநாயக்க விமானத் தளத்தோடும் தம் ஆய்வை முடித்துவிடுவர். வலப்பனையும் இராகலையும் அவர்தம் தேசப்படத்தில் இல்லை.

இரண்டாம் உலகப்போர் அப்படத்தைத் திருத்தப் போதுமானது. 1940இல் பிரித்தானியாவில் தேயிலை பங்கீட்டுக்கு உட்பட்டது. ஆளுக்கு வாரத்துக்கு இரண்டு அவுன்ஸ். 1942இல் மலாயா யப்பானியர் வசமானதும், நேசநாடுகளுக்கு எஞ்சிய இயற்கை இறப்பரின் பெரும்பகுதியை இலங்கையே வழங்கிற்று. தாழ்நில இறப்பர்க் காடுகளிலும் வலப்பனை போன்ற தேயிலைச் சரிவுகளிலும் உழைத்தோரின் வியர்வையும் ஐரோப்பாவின் பாதுகாப்புக்குச் செலவாயிற்று என்பது மிகைக்கூற்றன்று.

அன்று கைச்சாத்தானவை மூன்று உடன்படிக்கைகள். ஒன்று தளங்களையும் மற்றொன்று வெளிவிவகாரத்தையும் பற்றியது. மூன்றாவது, பிரித்தானிய அலுவலரின் ஓய்வூதியத்தைக் காத்தது! தோட்டத் தொழிலாளரின் குடியுரிமை பற்றி ஒரு வாசகமும் இல்லை. மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தந்தை இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது அது. லயத்திற் பிறந்த எத்தனை தந்தையரிடம் பிறப்புப் பத்திரம் இருந்தது? 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரசின் ஏழு உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்களுள் பெரும்பாலோர் 1952இல் வாக்காளர் இடாப்பிலேயே இல்லை.

இறைமையுள்ள நாட்டின் உள்விவகாரத்தில் பிரித்தானியா தலையிட்டிருத்தல் தகாது என வாதிடுவோர் உளர். அந்நாட்டின் துறைமுகத்தில் கடற்படையை நிறுத்தலாம். அதன் திறைசேரியிலிருந்து ஓய்வூதியம் பெறலாம். அதன் தோட்டங்களை உடைமையாக வைத்திருக்கலாம். அத்தோட்டங்களில் உழைப்போரைப் பற்றிப் பேசுவது மட்டுமே தலையீடு போலும்! உண்மைக் காரணம் வேறு. டி. எஸ். சேனாநாயக்க இந்தியாவை ஐயுற்றார். அவ்வையத்துக்குப் பிரித்தானியக் கடற்படை அரணாயிற்று. இந்தியாவை விட்டகன்ற பிரித்தானியாவுக்கோ சிங்கப்பூர்க் கடல்வழியில் நம்பத்தக்க நண்பர் ஒருவர் வேண்டியிருந்தார். இந்நட்பைக் கெடுக்கும் வினா எதையும் இலண்டன் எழுப்ப விரும்பவில்லை.

இலண்டனை மட்டும் குறைகூறுதல் நேர்மையன்று. 1962ஆம் ஆண்டுச் சீனப்போரின் பின் அயலவர் நட்பை நாடிய புதுடில்லியும் அவ்வழியே சென்றது. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கிற்று. எஞ்சிய 150,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். பங்கிடப்பட்டோரின் கருத்தை எவரும் கேட்கவில்லை.

பிரித்தானியத் தளங்கள் 1957இலேயே கையளிக்கப்பட்டன. நாடற்றோராய் எஞ்சியவர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டமோ 2003இலேதான் நிறைவேறியது.