சும்மா இருக்கிற கை பின்னியதா?



நம் பகுதியில் மாமியார் சங்கதி, பிள்ளைகள் படிப்பு, சிக்கனம் என்று எத்தனையோ எழுதுகிறீர்கள். நான் எழுத வந்தது ஒரு பொம்மையைப் பற்றி. குரோஷா ஊசியில் பின்னி, உள்ளே பஞ்சு அடைத்த எட்டுக் கால் ஆக்டோபஸ். ‘இதில் கருத்துச் சொல்ல என்ன இருக்கு’ என்று பக்கத்தைத் திருப்பி விடாதீர்கள். போன மாதம் இந்தப் பொம்மையால் எனக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் பேச்சு வார்த்தையே நின்று போகப் பார்த்தது.

அவள் நல்ல பெண். என்னை வாய் நிறைய அக்கா என்றுதான் கூப்பிடுவாள். மகனுக்கு இரண்டாவது பிறந்த நாள். வருகிற பிள்ளைகளுக்குக் கொடுக்க 12 ஆக்டோபஸ் வேண்டும், பத்து நாளில் வேண்டும் என்று வந்தாள். “நூல் காசு நான் தந்திருதேன்க்கா. நீங்க வீட்டுல சும்மாதான இருக்கீங்க?” என்றாள். சிரித்துக் கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

நான் பத்தாவது வரை படித்தவள். எட்டாவது படிக்கும்போது எங்கள் தையல் டீச்சர் குரோஷா கற்றுக் கொடுத்தார். டி.வி. கவர், வாசல் தோரணம், தட்டு மூட ஒரு வட்டம், இவ்வளவுதான் எங்கள் காலத்தில். கல்யாணம் ஆனதும் ஊசி எங்கே போனதென்று தெரியவில்லை. என் மகள் ஐந்தாவது படிக்கையில் ஆக்டோபஸ் பொம்மை கேட்டு அழுதாள். கடையில் விலையைக் கேட்டுத் திரும்பி வந்து, செல்போனில் வீடியோ பார்த்துப் பின்ன ஆரம்பித்தேன். அதைப் பார்த்து என் அத்தைக்கு ஒரே சிரிப்பு. எங்கள் தூத்துக்குடியில் ஆக்டோபஸைப் பேய்க்கணவாய் என்பார்கள். “ஊருல கிளி இல்ல, மயில் இல்ல, பேய்க்கணவாயைப் போயா பொம்மை பண்ணுதே?” என்றார்கள். இப்போது அந்தப் பொம்மை இல்லாமல் அத்தைக்குத் தூக்கம் வராது. தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். அது வேறு கதை!

பின்னத் தெரியாத தோழிகளுக்காக இந்த வேலை எப்படி என்று கொஞ்சம் சொல்கிறேன். உச்சந்தலையில் ஒரு சின்ன வளையம் போட்டு, அதற்குள் 6 கண்ணி. அடுத்த சுற்றில் 12, அப்புறம் 18, 24 என்று சுற்றுக்கு ஆறாறாகக் கூட்டி 42 வரை போக வேண்டும். பிறகு கூட்டாமல் குறைக்காமல் எட்டுச் சுற்று. அப்போதுதான் தலை உருண்டையாக வரும். பிறகு ஆறாறாகக் குறைத்து 18 வரை வந்து, பஞ்சை அடைத்து அடியை மூட வேண்டும். தலைக்கு மட்டும் 600 கண்ணிக்கு மேல் ஆகிறது, எண்ணிப் பார்த்திருக்கிறேன். கால் ஒவ்வொன்றுக்கும் 50 சங்கிலி போட்டு, திரும்பி வரும்போது ஒவ்வொரு சங்கிலியிலும் இரண்டிரண்டு கண்ணி. ஓரம் நீளமாகவும் அடி குட்டையாகவும் இருப்பதால் அது தானாகவே ஸ்பிரிங் மாதிரி சுருண்டு கொள்ளும். பார்க்க அவ்வளவு அழகு! ஒரு காலுக்கு 150 என்றால் எட்டுக் காலுக்கு 1200. ஆக ஒரு பொம்மைக்கு ஏறக்குறைய 1800 தடவை ஊசி உள்ளே போய் வெளியே வர வேண்டும்.

இதில் ஒரு கண்ணி தப்பினாலும் தலை கோணிக் கொள்ளும். நான் எண்ணிக்கொண்டே வருவேன், முப்பத்து மூணு, முப்பத்து நாலு... குக்கர் விசில் அடிக்கும். “ஏம்மா, என் சட்டை எங்கே?” என்று மகன் கத்துவான். அவ்வளவுதான், எண்ணிக்கை போச்சு. பிரித்து மறுபடி ஆரம்பம். இப்போது ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் ஒரு ஊக்கு மாட்டி வைத்து விடுகிறேன். யாருக்காவது உதவும் என்று சொல்கிறேன்.

கண் வைக்கிற விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. முதலில் நான் கறுப்புப் பொத்தானைத் தைத்துத்தான் கொடுத்தேன். சீக்கிரம் முடிந்து விடும், பார்க்கவும் பளபளவென்று இருக்கும். என் தங்கை குழந்தைக்குப் பத்து மாதம். அந்தப் பொம்மையைக் கடித்து இழுத்து விளையாடிக் கொண்டிருந்தது. திடீரென்று சத்தமே இல்லை. தங்கை ஓடிப்போய்ப் பார்த்தால் பொம்மைக்கு ஒரு கண் இல்லை! நல்ல வேளை, பொத்தான் கன்னத்துக்குள்தான் ஒதுங்கி இருந்தது. விரலை விட்டு எடுத்து விட்டாள். எடுத்து என் கையில் வைத்தாள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் திட்டியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். அன்றிலிருந்து பொத்தான், மணி, ஒட்டுகிற கண் எதுவும் கிடையாது. கறுப்பு நூலாலேயே கண்ணைத் தைக்கிறேன். இரண்டு கண்ணும் ஒரே அளவாக, ஒரே மட்டத்தில் வர முக்கால் மணி நேரம் ஆகிறது. வீட்டில் கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் யார் பின்னிய பொம்மையாக இருந்தாலும் கண்ணை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

பக்கத்து வீட்டுப் பெண் ஆக்டோபஸ்தான் வேண்டும் என்று நின்றதற்கும் ஒரு காரணம் இருந்தது. “வெளிநாட்டு ஆஸ்பத்திரியிலேயே இதைத்தான் குழந்தைக்குக் குடுக்காங்களாம்க்கா!” என்றாள். அது உண்மைதான். 2013-ல் டென்மார்க் நாட்டில் குறைமாதக் குழந்தைகளுக்காகப் பெண்கள் பருத்தி நூலில் ஆக்டோபஸ் பின்னிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். சுருண்ட கால் தொப்புள்கொடி மாதிரி இருக்குமாம். குழந்தை மருந்துக் குழாயைப் பிடித்து இழுக்காமல் இதைப் பிடித்துக் கொள்ளும் என்ற எண்ணம். அதனால் நோய் குணமாகும் என்றெல்லாம் மருத்துவத்தில் நிரூபணம் ஆகவில்லை. ஆனால் அவர்கள் வைத்த கட்டுப்பாடு எனக்குப் பிடித்திருந்தது. முழுப் பருத்தி நூல்தான், வெந்நீரில் துவைக்க முடிய வேண்டும், காலை இழுத்துப் பிடித்தால் 22 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. கழுத்தில் சுற்றி விடக்கூடாதே! அந்தப் பெண்கள் இலவசமாகக் கொடுத்தார்கள். அது தர்மம், மனசார விரும்பிச் செய்தது. அதைக் காட்டி என்னிடம் பிறந்த நாள் பரிசுக்கு இலவசம் கேட்டால் எப்படி?

சரி, கணக்குக்கு வருகிறேன். ஒரு பொம்மைக்கு நூல் 90 ரூபாய், பஞ்சு 20 ரூபாய். ஆக 110. தலைக்கு இரண்டரை மணி, காலுக்கு இரண்டரை மணி, கண் தைத்து நூல் முனைகளை உள்ளே செருகி முடிக்க ஒரு மணி. மொத்தம் 6 மணி நேரம். எங்கள் ஊரில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் ஒரு வருஷமாக 150 ரூபாய்க்குக் கொடுத்து வந்தேன். 40 ரூபாய் லாபம் என்று பெருமையாக அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் சேர்த்து வைத்தேன். ஒரு நாள் என் மகள் அதே கடைக்கு வளையல் வாங்கப் போனவள், “அம்மா, உன் ஆக்டோபஸ் 450 ரூவான்னு போட்டிருக்கும்மா!” என்றாள்.

என் வீட்டுக்காரர் லாரி ஷெட்டில் கணக்கு எழுதுகிறவர். அன்று சாப்பிட்டுவிட்டு ஒரு காகிதத்தை எடுத்து 40-ஐ 6-ஆல் வகுத்துக் காட்டினார். மணிக்கு ஏழு ரூபாய்கூட இல்லை! அவர் ஷெட் வாசலில் ஒரு டீ 12 ரூபாய். “இதுக்கு நீ சும்மாவே இருக்கலாம்” என்றார். அவர் எனக்குப் பரிந்துதான் பேசினார். ஆனாலும் பாருங்கள், அவர் வாயிலும் அந்தச் ‘சும்மா’தான் வந்தது!

ஸ்வெட்டர் பின்ன மெஷின் இருக்கிறது. குரோஷா அப்படி இல்லை. கடையில் நாம் பார்க்கிற குரோஷா பொம்மை எந்த நாட்டில் இருந்து வந்திருந்தாலும் யாரோ ஒருத்தி மடியில் வைத்துப் பின்னியதுதான். என் நாத்தனார் மகள் கல்லூரியில் படிக்கிறாள். அவள் ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொன்னாள். ஆந்திராவில் கோதாவரிக் கரைப் பக்கம் நர்சாப்பூர் என்ற ஊர். அங்கே வீட்டுக்கு வீடு பெண்கள் குரோஷாவில் லேஸ் பின்னுவார்கள், அது கப்பலேறி வெளிநாட்டுக்குப் போகும். மரியா மீஸ் என்ற ஜெர்மன் அம்மா அங்கே வந்து ஆராய்ந்து 1982-ல் புத்தகம் எழுதினார். அந்தப் பெண்கள் நாள் முழுக்கப் பின்னினாலும் அவர்களைத் தொழிலாளி என்று யாரும் சொல்வதில்லை, வீட்டுப் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்வது என்றுதான் சொல்வார்கள். அதனாலேயே கூலி அடிமட்டத்தில் நின்றது, வியாபாரிகள்தான் வளர்ந்தார்கள் என்று எழுதியிருக்கிறாராம். கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்துப் போனது. இங்கே என் வாசல் வரை வந்து சொன்ன வார்த்தை அங்கே அப்போதே புத்தகத்தில் ஏறியிருக்கிறது!

2016-ல் சென்னையில் பெண்கள் சேர்ந்து பதினோராயிரம் சதுர மீட்டருக்கு மேல் குரோஷா போர்வை பின்னி, உலகத்திலேயே பெரிது என்று கின்னஸில் இடம் பிடித்தார்கள். எல்லாரும் கை தட்டினோம். கை தட்டக் காசு ஆகாது இல்லையா!

‘எல்லாத்துக்கும் காசா? பாசம் இல்லையா?’ என்று சில தோழிகள் கேட்கலாம். பாசம் வேறு தோழிகளே. தங்கை குழந்தைக்கும் நாத்தனார் வீட்டு விசேஷத்துக்கும் நானாகத்தான் பின்னிக் கொடுத்தேன், யாரும் கேட்கவில்லை. நானாகக் கொடுத்தால் அது பரிசு. கேட்டு, எண்ணிக்கை சொல்லி, தேதியும் குறித்தால் அது ஆர்டர். டெய்லரிடம் போய், “நீங்க சும்மாதான உக்காந்திருக்கீங்க, துணி நான் தாரேன், ஜாக்கெட்டைத் தச்சுக் குடுங்க” என்று கேட்போமா?

குற்றம் எல்லாம் மற்றவர்கள் மேல் என்று சொல்ல மாட்டேன். நான் 150-க்குக் கொடுத்ததால்தான் இன்னொரு தெருவில் பின்னுகிற ஒரு அக்காவுக்கு 200 கிடைக்காமல் போனது. நான் விலையைக் கூட்டிக் கேட்டதும் வேறு யாரோ 130-க்குத் தருகிறேன் என்று அதே கடைக்குப் போய்விட்டார்கள், அவர்கள் பொம்மைக்குப் பொத்தான் கண். நானும் லேசுப்பட்டவள் இல்லை. எங்கள் தெருவுக்குப் பூ கொண்டு வருகிற ஆச்சியிடம், “கட்டிக் குடுக்கிறதுக்கு என்ன ஆச்சி இவ்வளவு?” என்று எத்தனை தடவை முழம் கூடக் கேட்டிருக்கிறேன்! அவர்கள் விரல் நுனி கறுத்து நாரில் அறுத்துக் கிடக்கும். அதைப் பார்த்துக் கொண்டேதான் கேட்டிருக்கிறேன்.

பன்னிரண்டு ஆக்டோபஸ் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மறுநாள் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, காபி கொடுத்து, கணக்குக் காகிதத்தையும் காட்டினேன். எனக்கு நாக்கு வறண்டு போனது. “ஒண்ணு 400 ரூவாம்மா. பத்து நாள்ல மூணுதான் முடியும்” என்றேன். அவள் முகம் சட்டென்று மாறி விட்டது. “சரிக்கா, பாக்கேன்” என்று எழுந்து போனாள். காபி பாதி அப்படியே இருந்தது. நாலு நாள் மாடிப்படியில் பார்த்தாலும் பேச்சில்லை. ‘காசுக்காக நல்ல பழக்கத்தைக் கெடுத்துக்கிட்டேனே’ என்று நான் தவித்தது உண்மை. அத்தைதான், “கெடட்டும்! நாளைக்கு உப்பு தீர்ந்தா தானா வருவா” என்றார்கள்.

ஐந்தாம் நாள் வந்தாள். உப்புக்கு இல்லை. 800 ரூபாயைக் கையில் வைத்து, தன் மகனுக்கு ஒன்று, அண்ணன் மகளுக்கு ஒன்று என்றாள். மற்றப் பிள்ளைகளுக்குப் பென்சில் டப்பா வாங்கி விட்டாளாம். போகும்போது, “காலைப் பின்னும்போது கூப்பிடுங்கக்கா, அது எப்படித் தானா சுருளுதுன்னு பாக்கணும்” என்றாள். கூப்பிட்டுக் காட்டினேன். பத்துக் கண்ணி போட்டுப் பார்த்து, விரல் வலிக்கிறதென்று ஊசியை என்னிடமே தந்து விட்டாள்.

400 அதிகம் என்று என் தங்கையே சொல்கிறாள். 110 போக 290 ரூபாய், 6 மணி நேரம், மணிக்கு 50 ரூபாய்கூட வரவில்லை. கோவை, மதுரை, சென்னைத் தோழிகள் எம்பிராய்டரி, கூடை, குரோஷா என்று கைவேலை செய்பவர்கள், உங்கள் ஊரில் மணிக் கணக்குப் போட்டுத்தான் கேட்கிறீர்களா, இல்லை கொடுப்பதை வாங்கிக் கொள்கிறீர்களா? விலையோடு எழுதுங்கள், நானும் பார்த்துக் கொள்கிறேன்.

— ஓர் இல்லத்தரசி,
தூத்துக்குடி.