தாத்தாவின் ஈறு தாத்தாவுக்கு

“எங்க தாத்தா சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்துல வேலை பார்த்தவரு. பிரஷ்ஷே தொட்டதில்ல, கடைசி வரைக்கும் முறுக்கு கடிச்சாரு.” கோலார் தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டையில் பல் பேச்சு எடுத்தாலே இந்தப் பதில்தான். அண்ணன்மாரே, அக்காமாரே, அதை நம்பிப் பிள்ளையின் வாயைப் பார்க்காமல் விடுவது என்ன நியாயம்?

நம் முன்னோரைப் போலவே பிழைப்புக்கு ஊர் விட்டுப் போனவர்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டத் தமிழர்கள். அவர்களில் 480 ஆண்களின் வாயை 1970 முதல் 15 ஆண்டுகள் ஹரால்ட் லோ என்ற பல் ஆராய்ச்சியாளரின் குழு பரிசோதித்து வந்தது. பல் துலக்கும் பழக்கமோ பல் வைத்தியமோ அறியாதவர்கள். எல்லார் பல்லிலும் அழுக்கு, காரை. எல்லார் ஈறிலும் அழற்சி. ஆனால் 100க்கு 11 பேருக்கு அதற்கு மேல் எதுவும் கெடவில்லை. 81 பேருக்கு மெல்ல மெல்லக் கெட்டது. மீதி 8 பேருக்கோ இருபது வயதிலேயே பல் விழ ஆரம்பித்து, 45 வயதில் ஒரு பல்கூட மிஞ்சவில்லை.

கிருமி இல்லாத வாய் கிடையாது. நல்ல ஈறிலும் வெள்ளை அணுக்கள் இரவும் பகலும் விளிம்புக்கு வந்து காவல் நிற்கின்றன. சிலருக்கு அந்தக் காவலே அளவு மீறி, பல்லைத் தாங்கும் எலும்பை அரித்துவிடும். உங்கள் பிள்ளை அந்த எட்டுப் பேரில் ஒருவனா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? துலக்கும்போது தம்பிக்கு வராத ரத்தம் இவனுக்கு வந்தால் சோம்பேறி என்று அடிக்கிறீர்களே, அது அவன் உடம்புவாகாகவும் இருக்கலாம்.

துப்பும் நுரை சிவந்தால் ‘சூடு’ என்று மோரைக் கொடுத்து பிரஷ்ஷை நிறுத்துகிறீர்கள். நிறுத்தவே கூடாது. 1965இல் லோ வெளியிட்ட ஆய்வில், துலக்குவதை விட்ட 12 பேருக்கும் மூன்று வாரத்துக்குள் ஈறு வீங்கியது. சிலருக்குப் பத்தே நாளில். மறுபடி துலக்கியதும் ஒரு வாரம் போல் ஆறிவிட்டது.

விடியற்காலை ரயில் பிடித்து பெங்களூர் போய் ராத்திரி திரும்புகிறீர்கள், தெரியும். ஞாயிற்றுக்கிழமையாவது வாசல் வெளிச்சத்தில் பிள்ளையின் கீழுதட்டை இழுத்துப் பாருங்கள். ஈறு கறுத்திருப்பது நம்மில் சகஜம், பயப்பட வேண்டாம். விளிம்பு பல்லோடு ஒட்டியிருக்கிறதா, செக்கச்செவேலென்று உப்பியிருக்கிறதா என்று கவனியுங்கள். உப்பியிருந்தால் மெத்தென்ற பிரஷ்ஷால் அந்த விளிம்பிலேயே இரண்டு வேளையும் நீங்களே தேய்த்துவிடுங்கள். இரண்டு வாரத்தில் ரத்தம் நிற்காவிட்டால், அல்லது விழுந்து முளைத்த பல் ஆடினால், பல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். சம்பளம் வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.