போர்டுக்கும் ஓர் இலக்கம் வேண்டும்

கொட்டகலையிலிருந்து கொழும்பு ஏலத்துக்குப் போகும் தேயிலைச் சாக்கு ஒன்றைப் பாருங்கள். தோட்டத்தின் பெயர், தேயிலையின் தரம், இன்வொய்ஸ் இலக்கம் எல்லாம் அதன் மேல் இருக்கும். இலக்கமில்லாத சாக்கு தொழிற்சாலை வாசலைத் தாண்டாது. ஆனால் அந்தத் தேயிலைக்கான கொழுந்தை நிறுக்கும் டிஜிட்டல் தராசைத் திறந்து, உள்ளே உள்ள சேர்க்கிட் போர்டைப் பார்த்தால்? பெரும்பாலும் ஒரு கடதாசி ஸ்டிக்கர். சில வேளைகளில் அதுவும் இல்லை.

இது சின்ன விஷயம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

சில வருடங்களுக்கு முன், ஒரு மழைக்காலத்தில், ஒரே மாடல் தராசுகள் இரண்டு என் திருத்தகத்துக்கு வந்தன. இரண்டும் வெவ்வேறு தோட்டங்களுடையவை. எமது மலையகத்து ஈரத்தில் இரண்டு போர்டுகளிலும் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. கழற்றி, ஐசோபுரொப்பைல் அல்கஹோல் விட்டுப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினேன். காயவைக்க எடுத்தபோது இரண்டு ஸ்டிக்கர்களும் தட்டின் அடியில் மிதந்துகொண்டிருந்தன. எது எவருடையது? ஓர் அனுமானத்தில் பொருத்தினேன். இரண்டும் ஒளிர்ந்தன, இரண்டும் பூச்சியம் காட்டின. நிம்மதியாக 20 கிலோ படிக்கல்லை வைத்தேன். ஒன்று 19.2 என்றது, மற்றது 20.8 என்றது!

காரணம் சிக்கலானதல்ல. தட்டுக்குக் கீழே பாரத்தை உணரும் லோட் செல் ஒவ்வொன்றும் மற்றதிலிருந்து சற்று வேறுபடும். அந்த வேறுபாட்டைச் சரிசெய்யும் கணக்கு போர்டின் நினைவகத்தில் பதிந்திருக்கிறது. போர்ட் இடம் மாறினால் நிறையும் மாறும்.

படிக்கல் இருந்ததால் தப்பினேன். அந்தத் தராசு அப்படியே மலைக்குப் போயிருந்தால்? 4 வீதம் என்பது கடையில் இருந்து பார்க்கும்போது சிறிய பிழை. நாளெல்லாம் அட்டைக்கடியோடு 25 கிலோ கொழுந்து பறிக்கும் ஒரு தாய்க்கு அது முழுதாக ஒரு கிலோ. நோர்ம் எட்டவில்லை என்று அரைப்பேர் போட அது போதும். 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வியாபாரத் தராசுகளைப் பரிசோதித்து முத்திரையிடுகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எந்தப் பெட்டிக்குள் எந்தப் போர்ட் இருந்தது என்பதை முத்திரை சொல்லாது. திருத்துபவனின் கொப்பிதான் சொல்ல வேண்டும்.

கைப்பேசி வியாபாரம் செய்யும் எம்மவர்களுக்கு இந்த விஷயம் புதிதல்ல. 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. போனின் மூடியிலோ பெட்டியிலோ மட்டும் இருப்பதில்லை. உள்ளே போர்டோடு சேர்ந்திருக்கிறது. மூடியை மாற்றினாலும் அது மாறாது. அதனால்தான் 2025 ஜனவரி 28 முதல் பதிவில்லாத ஐ.எம்.ஈ.ஐ. கொண்ட புதிய கருவிகளுக்கு இணைப்பு இல்லை என்று தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழுவால் அறிவிக்க முடிந்தது. போனுக்கு இருக்கும் இந்தக் கட்டுப்பாடு இன்வேர்ட்டருக்கும் தராசுக்கும் வோல்டேஜ் ஸ்டெபிலைசருக்கும் ஏன் இல்லை?

செலவு அதிகம் என்பார்கள். நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

சாதாரண மார்க்கர் பேனையால் எழுதுவது வீண்; அல்கஹோல் பட்டதும் அழிந்துவிடும். சிறிய கடைக்கு ஏற்றது பொலிஇமைட் லேபல். ரெசின் ரிபனால் அச்சிட்ட அந்த லேபல் ஈயம் உருக்கும் அடுப்பின் 260 பாகை வரையான சூட்டையே சிறிது நேரம் தாங்கும், கழுவினாலும் இருக்கும். அதுவும் முடியாதவர்கள் போர்டின் வெள்ளைக் கட்டத்தில் பெயின்ட் பேனையால் எழுதி, நன்றாகக் காய்ந்த பின் மேலே அக்ரிலிக் பூச்சு அடிக்கலாம். ஈரத்துக்கும் அது பாதுகாப்பு.

போர்டை வெளிநாட்டில் அச்சடிப்பித்து இங்கே பொருத்துபவர்கள், வடிவமைக்கும்போதே ஓர் மூலையில் வெள்ளைக் கட்டம் விடச் சொல்லலாம். தொழிற்சாலைகள் அச்சிடும் ஓடர் இலக்கத்தைத் தொடர் இலக்கம் என்று எண்ணிவிடாதீர்கள். அந்தத் தொகுதியின் எல்லாப் போர்டிலும் ஒரே இலக்கம்தான் இருக்கும். அந்த வெள்ளைக் கட்டத்தில் லேசரால் பொறிப்பதே நெடுநாள் நிற்கும். சில மில்லிமீற்றரில் ஒரு டேட்டா மெட்ரிக்ஸ் குறியீடும் பக்கத்தில் எழுத்தில் இலக்கமும் போதும். லேசரைக் கூட்டி வைத்துச் செப்பு தெரியச் சுட்டுவிட்டால் எமது காலநிலையில் அங்கிருந்தே களிம்பு தொடங்கும். இந்தத் தவறையும் நான் செய்திருக்கிறேன்.

சில சிப்களில் பிறப்பிலேயே இலக்கம் உண்டு. எஸ்.டி.எம்.32 வகையில் 96 பிட், டி.எஸ்.18பி20 வெப்ப உணரியில் 64 பிட். எவராலும் அழிக்க முடியாது. ஆனால் சிப் எரிந்தால் இலக்கமும் அதோடு போய்விடும். எனவே அதையும் வெளியே பொறித்த இலக்கத்தையும் ஒரே வரியில் கொப்பியில் எழுதி வைப்பதே என் வழக்கம்.

உண்மையில் செலவு மட்டும் தடையல்ல. இலக்கமில்லாத போர்ட் சிலருக்கு வசதி. உத்தரவாதக் காலத்தில் பொருள் திரும்பி வந்தால் 'இது எங்களுடைய போர்ட் இல்லையே' என்று கையை விரிக்கலாம். நல்ல போர்டை எடுத்துக்கொண்டு பழையதை மாட்டி அனுப்பினாலும் கேட்பாரில்லை. திருத்தக் கொடுத்த பொருள் அமானிதம் என்று பேசும் நாம் இதை வியாபாரத் தந்திரம் என்று விட்டுவிடக் கூடாது.

லேசர் இயந்திரத்தைத் தனியே வாங்க முடியாவிட்டால் ஹற்றன், கொட்டகலை, தலவாக்கலைக் கடைக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கலாம். தோட்ட நிர்வாகங்களும் தராசைத் திருத்தக் கொடுக்கும்போது போர்டின் இலக்கத்தைப் பற்றுச்சீட்டில் எழுதிக் கேட்கட்டும். தொழிற்சங்கத் தலைவர்கள் அந்தச் சீட்டைக் காட்டச் சொல்லட்டும். என் கடைக்கு வரும் தராசுகளில் மூடியைக் கழற்றியதும் முதல் வேலை இலக்கம் இடுவதுதான். கழுவுவது அதன் பிறகு.