ஒரு சொல்லின் தூரம்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசியில் பாடம் சொல்வது மகா சிரமமான காரியம். பிள்ளைகளின் உடம்பு நம் வீட்டுத் திண்ணையில் இருக்கும். மனமோ ஐந்தருவியில் குளித்துக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட ஆனி மாதத்து மாலை ஒன்றில், ஷேக்ஸ்பியரின் ‘ரோமியோ ஜூலியட்’ நாடகத்தை நாலைந்து மாணவர்களுக்கு வாசித்துக் காட்டத் துணிந்தேன். காவிய ரஸனை என் நோக்கமன்று. ஆங்கிலச் சொற்கள் சில அவர்கள் வசப்பட வேண்டும், அவ்வளவுதான்.

அந்தச் சோக நாடகத்தில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கண்ணிகளும் உண்டு. இரவில் மாடத்தில் நின்று ஜூலியட் சொல்லும் ‘வேர்ஃபோர்’ என்ற சொல்லைக் கேட்டு, ரோமியோ எங்கே என்று அவள் தேடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அதன் பொருள் ‘எதற்காக’ என்பது. பகைவர் வீட்டுப் பெயரை நீ ஏன் தாங்கி வந்தாய் என்பதே அவள் கேள்வி. பிற்பகுதியில் ஒரு கடிதம் ரோமியோவிடம் சேராமல் நின்றுவிடுகிறது. கொண்டுபோனவரைக் கொள்ளை நோய்க்குப் பயந்து ஒரு வீட்டில் அடைத்துவிட்டார்கள். அது ‘நைஸ்’ ஆன கடிதம் அல்லவே என்று பாதிரியார் பதறுகிறார். “இனிமையான கடிதம் இல்லை” என்று எழுதிக்கொண்டான் ஒரு பையன்! அக்காலத்தில் அச்சொல்லுக்கு ‘அற்பமானது’ என்றும் பொருள் உண்டு. இரண்டு உயிர்கள் தொங்கிக்கொண்டிருந்த கடிதம் அற்பமாகுமா?

இவ்வளவும் சுகமாகவே நடந்தது. ‘பானிஷ்ட்’ என்ற சொல்லில்தான் நான் அகப்பட்டுக்கொண்டேன்.

ஜூலியட்டின் உறவினன் டைபால்ட்டைக் கொன்றதற்காக ரோமியோவை வெரோனா நகரைவிட்டு வெளியேற்றுகிறான் அரசன். ‘நாடு கடத்தப்பட்ட’ என்று பொருள் சொல்லி மேலே நகர்ந்தேன்.

“எங்கே போனான், ஸார்?”

“மாந்துவா நகரத்துக்கு. ஏறக்குறைய 40 கிலோமீட்டர்.”

“நம்ம ஊரிலிருந்து அம்பாசமுத்திரம் போகிற தூரந்தானே! இதற்கா இருவரும் இப்படி அழுகிறார்கள்?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன், பதில் தெரியாதபோது உபாத்தியாயர்கள் வேறென்ன செய்வது?

உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் தாயார், “என்னப்பா, தீவாந்தர சிட்சையா?” என்று கேட்டார். தம் தகப்பனார் வாயால் கேட்ட சொல் அது. 1908-இல் திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே, வ. உ. சிதம்பரம் பிள்ளைக்கு இரட்டைத் தீவாந்தர சிட்சை விதித்தார். அப்பீலில் அது குறைக்கப்பட்டது என்றாலும், அந்தச் சொல் இந்தச் சீமையின் வீடுகளில் தங்கிவிட்டது. என் மாணவர்களில் ஒருவரும் அதைக் கேட்டதில்லை. ஆங்கிலச் சொல் கற்க வந்து தமிழ்ச் சொல் கற்றார்கள்!

ஆனால் அது பொருந்துமா? ரோமியோ கடல் கடக்கவில்லையே. ‘நாடு கடத்தல்’ என்றால் வெரோனா ஒரு நகரந்தான். ‘ஊர் விலக்கு’ என்றான் ஒருவன். அரை மணி நேரம் வாதம் நடந்தது. அருவியை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

தூரத்துக்கான விடையை மேலகரத்துப் பெண் ஒருத்தி சொன்னாள். அவளுடைய ஊர்க்காரரான திரிகூடராசப்பக் கவிராயர் 18-ஆம் நூற்றாண்டில் பாடிய குற்றாலக் குறவஞ்சியில், பந்தாடிக்கொண்டிருந்த வசந்தவல்லி, பவனி வந்த குற்றாலநாதரைக் கண்டு காதல் கொண்டு ஏங்குகிறாள். “அந்தச் சுவாமி அதே ஊர்க் கோயிலில்தானே இருக்கிறார், ஸார்? அவளுக்கு 1 கிலோமீட்டர்கூட இராதே!”

பிறகு ஜூலியட்டின் புலம்பலை மறுபடியும் வாசித்தேன். அந்த ஒரு சொல், பதினாயிரம் டைபால்ட்டுகளின் சாவுக்கு மேலாகத் தன்னைக் கொல்கிறது என்கிறாள். இம்முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

மறுநாள் அம்பாசமுத்திரத்துக் கணக்குச் சொன்ன பையனின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன். ‘பானிஷ்ட்’ என்பதற்கு எதிரே நான் சொன்ன பொருளை அடித்துவிட்டு, இப்படி எழுதியிருந்தான்: ‘அம்பாசமுத்திரம்தான். ஆனால் திரும்பி வந்தால் மரணம்.’